மேல் தாடை குறுகலா? ப்ளேட்டா, கம்பியா, ஸ்க்ரூவா?

எவர்சில்வர் சம்படத்துக்கு மூடி எப்படி இருக்கும்? சம்படத்தைவிட ஒரு நூல் பெரிதாக, வாயைச் சுற்றி வெளிப்பக்கமாக உட்காரும். நம் பல் வரிசையும் அப்படித்தான். கடித்தால் மேல் வரிசை கீழ் வரிசைக்குச் சற்று வெளியே நிற்க வேண்டும். மூடி சிறியதாகிவிட்டால்? ஏதாவது ஒரு பக்கம் உள்ளே விழும். மேல் தாடை குறுகலான குழந்தைகளுக்கு நடப்பது இதுதான். கடைவாய்ப் பக்கம் மேல் பல், கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கும். இதை 'க்ராஸ் பைட்' என்கிறார்கள் பல் டாக்டர்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்கள் குழந்தையை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, கடைவாயைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். அப்புறம் மெல்ல வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மோவாய் நேராக வந்து சேருகிறதா, அல்லது கடைசி நிமிஷத்தில் ஒரு பக்கமாக நழுவுகிறதா? என் பெண்ணுக்கு இடது பக்கம் நழுவியது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. "அவ அத்தைக்கும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும், முகவாகு" என்றார் என் மாமியார்.

முகவாகு இல்லை என்று பல் டாக்டரம்மா விளக்கினார். மேல் தாடை இரண்டு பக்கமும் கொஞ்சம் குறுகல். நேராகக் கடித்தால் பல் நுனியோடு நுனி முட்டுகிறது. குழந்தை தனக்கே தெரியாமல் கீழ்த் தாடையை ஒரு பக்கமாக ஒதுக்கி, வசதியான இடத்தில் கடித்துப் பழகிவிடுகிறது. வளரும் வயதில் வருஷக்கணக்காக இப்படியே கடித்தால் தாடை எலும்பே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளராமல் போகக் கூடும். அப்புறம் அதை நேராக்குவது பெரிய வேலை.

சரி, தாடை ஏன் குறுகுகிறது? சில குடும்பங்களில் வாகே அப்படி. மற்றபடி, விரல் சூப்புவது ஒரு காரணம். வாயால் மூச்சு விடுவதும் ஒரு காரணமாகலாம். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டி இருந்தால் உள்ளிருந்து தாடையைத் தாங்கிப் பிடிக்கும். விரலோ திறந்த வாயோ நாக்கைக் கீழே இறக்கிவிட்டால், வெளியிலிருந்து கன்னத்தின் அழுத்தம் மட்டுமே மிஞ்சுகிறது. குறட்டை விடும், எப்போதும் மூக்கடைத்த குழந்தையாக இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரையும் பார்த்துவிடுங்கள். தாடையை அகலப்படுத்தினால் மூக்கின் அடித்தளமும் கொஞ்சம் விரியும் என்பது உண்மையே. அதற்காக, மூக்கடைப்புக்கு இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

வயதுதான் இதில் முக்கியம். மேல் தாடை ஒரே எலும்பல்ல. இடமும் வலமுமாக இரண்டு பாதி, அண்ணத்தின் நடுவில் ஒரு தையல் போட்ட மாதிரி சேர்ந்திருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தையல் நெகிழ்ந்து கொடுக்கும். பதின்மூன்று, பதினைந்து என்று ஏற ஏற இறுகிக் கொண்டே போகும். பெண் குழந்தைகளுக்குப் பொதுவாகச் சற்று முன்னதாகவே. நன்றாக இறுகிய பிறகு, அண்ணத்து எலும்பில் ஆணி பதித்தோ, ஆபரேஷன் செய்தோதான் விரிக்க முடிகிறது. ஏழு வயதுக்குள் ஒரு முறையாவது பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு டாக்டர்கள் சங்கம் சொல்வதும் இந்த மாதிரிக் கோளாறுகளுக்காகத்தான். "எல்லாப் பல்லும் முளைக்கட்டும், பார்த்துக்கலாம்" என்ற பழைய பேச்சு இந்தக் கோளாறுக்குப் பொருந்தாது.

எங்கள் குடும்பத்தில் என் பெண்ணுக்கு ஸ்க்ரூ போட்டார்கள். தங்கை பையனுக்குக் கழற்றி மாட்டும் ப்ளேட். பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பெண்ணுக்குக் கம்பி. மூன்றையும் கூடவே இருந்து பார்த்ததில் எனக்குத் தோன்றியது: டாக்டர் வயதையும் எலும்பையும் பார்த்து, "இது அல்லது அது" என்று சொல்லும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்வி, தினசரி வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான். ப்ளேட்டில் அந்த வேலை குழந்தையுடையது. ஸ்க்ரூவில் அம்மாவுடையது. கம்பியில் டாக்டருடையது.

தினம் இரண்டு திருகு

முதலில் ஸ்க்ரூ, ஏனென்றால் தாய்மார்கள் பயப்படுவது இதற்குத்தான். கடைவாய்ப் பற்களில் மோதிரம் மாதிரி வளையம் மாட்டி, நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூவைக் குறுக்காகப் பொருத்திவிடுகிறார்கள். நாமாகக் கழற்ற முடியாது. இது புதுமோகம் என்று நினைக்காதீர்கள். 1860லேயே அமெரிக்காவில் ஏஞ்சல் என்ற பல் டாக்டர் பதினாலு வயதுப் பெண் ஒருத்திக்கு இப்படி ஸ்க்ரூ வைத்து, சாவியை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார். இரண்டு வாரத்தில் தாடை விரிந்தது என்று அவர் எழுதியபோது நம்பத்தான் ஆளில்லை. நூறு வருஷம் கழித்து, 1961ல் ஹாஸ் என்ற டாக்டர் பன்றிகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் செய்து காட்டிய பிறகு இந்த முறை பரவியது.

ஹாஸ் பெயரில் உள்ள கருவியில் அண்ணத்தை ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மெத்தை இருக்கும். அழுத்தம் பல்லின் மேல் மட்டும் விழாமல் அண்ணத்திலும் பரவட்டும் என்பது எண்ணம். தொல்லை என்னவென்றால், அதன் அடியில் பருக்கை புகுந்துகொள்ளும். சில குழந்தைகளுக்குப் புண்ணாகிவிடும். 1968ல் வந்த ஹைராக்ஸில் மெத்தையே கிடையாது, முழுக்க உலோகம். சுத்தமாக வைத்துக் கொள்ள முடியும் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். என் பெண்ணுக்கு இதைத்தான் போட்டார்கள்.

ஒரு திருகுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். எங்களுக்குக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. சில டாக்டர்கள் நாளைக்கு ஒன்றே போதும் என்பார்கள். குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, டார்ச் பிடிக்க ஒரு ஆளை வைத்துக் கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்து, தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முன்னால் முழுசாகத் தெரிந்தால்தான் ஒரு திருகு. சாவியை எடுக்கும்போது முன்பக்கமாக இழுத்தால் திருகினது திரும்பிவிடும். பின்பக்கமாகவே சாய்த்து எடுக்க வேண்டும். சாவியில் நூல் கட்டி விரலில் சுற்றிக் கொள்ளுங்கள். கை தவறினால் நேரே தொண்டைக்குள் அல்லவா போகும்!

முதல் ராத்திரி என் கைதான் நடுங்கியது. "வலிக்குதா கண்ணு?" என்றேன். "வலிக்கலேம்மா, மூக்குத் தண்டு கிட்ட யாரோ அமுக்கற மாதிரி இருக்கு" என்றாள். ஐந்து நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது. இரண்டு நாள் பேச்சு குழறியது, எச்சில் ஒழுகியது. நாலாம் நாளிலிருந்து தானாகவே சாவியை எடுத்து வந்து மடியில் படுத்துக் கொள்வாள்.

ஒரு வாரத்தில் முன் பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. என் மாமியார் பதறிவிட்டார். "வரிசையா இருந்த பல்லைப் பிரிச்சு வெச்சுட்டாளே அந்த டாக்டர்! நாளைக்குப் பொண்ணு பார்க்க வரவா என்ன சொல்லுவா?" உண்மையில் அந்த இடைவெளிதான் நல்ல சகுனம். நடுத்தையல் பிரிந்து எலும்பே விலகுகிறது என்பதற்கு அது அடையாளம். ஈறு நார்கள் இழுத்து, சில மாதத்தில் தானாகவே சேர்ந்துவிடும். எங்களுக்கும் சேர்ந்தது. முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வைத்துவிட்டால் பாதி ரகளை மிச்சம்.

பதினெட்டு நாளில் திருகுவது முடிந்தது. ஆனால் கருவியை உடனே எடுக்க மாட்டார்கள். பிரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்ப மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை அப்படியே விட்டு வைப்பார்கள். "அதான் சரியாயிடுச்சே, எடுத்துடுங்க" என்று டாக்டரைப் பிடுங்காதீர்கள். தாடை பழையபடி சுருங்கிவிடும்.

தீக்குச்சி பெட்டியில் கிடந்த ப்ளேட்

ப்ளேட் பார்க்கச் சாது. அண்ணத்துக்கு அளவாக ஒரு பிளாஸ்டிக் தட்டு, நடுவே ஸ்க்ரூ, பல்லைப் பிடிக்கக் கொக்கிகள். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ திருகு. கழற்றித் தேய்த்துக் கழுவலாம். பெரும்பாலும் பற்களை வெளிப்பக்கம் சாய்க்கும் வேலையைத்தான் செய்கிறது. தாடை எலும்பைப் பிரிக்கும் பலம் குறைவு. லேசான குறுகலுக்கு அதுவே போதுமாக இருக்கலாம். ஆனால் ராத்திரி பகல் வாயில் இருந்தால்தான் பலன். தங்கை பையனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கழற்றுவான், டிராயர் பையில் போடுவான், சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். ஒரு தடவை காணாமல் போய், வீட்டைப் புரட்டியதில் அவன் பட்டாம்பூச்சி சேர்க்கும் தீக்குச்சிப் பெட்டியில் கிடைத்தது! பத்து நாள் போடாமல் இருந்ததில் பல் நகர்ந்து, ப்ளேட் வாயில் உட்காரவே இல்லை. மறுபடி அளவெடுத்து, மறுபடி செலவு. பையனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எட்டு வயதில் யாருக்குத்தான் நினைவிருக்கும்?

அவனுக்கு இரண்டாவதாகப் போட்டதும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போட்டதும் ஒன்றே: 'க்வாட் ஹீலிக்ஸ்'. கடைவாய்ப் பல்லில் வளையம், அண்ணத்தில் நாலு சுருள் வைத்த ஒரு கம்பி. ஸ்க்ரூ இல்லை, சாவி இல்லை. கம்பி ஸ்ப்ரிங் மாதிரி மெதுவாகத் தள்ளிக் கொண்டே இருக்கும். சில வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் அதைச் சரிசெய்து கொடுப்பார். நாம் அழைத்துப் போனால் போதும். அந்தப் பெண் விரல் சூப்புகிறவள். முன்பக்கச் சுருள் விரலில் தட்டுப்பட, "ஐயே, நல்லாவே இல்லை" என்று தானே விட்டுவிட்டாள். வேப்பெண்ணெய் தடவி முடியாதது கம்பியால் முடிந்தது. ஆனால் ஸ்க்ரூ மாதிரி மூன்று வாரத்தில் ஆகிற காரியமில்லை, மாதக்கணக்காகும்.

எங்கள் மூன்று குழந்தைகளை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கும் கோக்ரேன் அமைப்பு 2021ல் வெளியிட்ட தொகுப்பும் இப்படித்தான் சொல்கிறது. 7 முதல் 11 வயதில் க்ராஸ் பைட்டைச் சரிசெய்ய ப்ளேட்டைவிட க்வாட் ஹீலிக்ஸ் மேல், காலமும் குறைவு. 12 முதல் 16 வயதில் ஹாஸ், ஹைராக்ஸ் இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. பலன் ஒன்று என்றால், கழுவச் சுலபமானதையே நான் கேட்பேன்.

எந்தக் கருவியானாலும் முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, ஜவ்வு மிட்டாய் எல்லாவற்றுக்கும் லீவு. முதல் இரண்டு நாள் குழைந்த தயிர் சாதம், இடியாப்பம், இட்லி. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பின்பும் கொப்பளிக்க வேண்டும். ராத்திரி வளையத்தைச் சுற்றி பிரஷ் போக வேண்டும், இல்லாவிட்டால் தாடை நேராகி, பல் சொத்தையாகும். வளையம் ஆடினால் அடுத்த முறை வரை காத்திராமல் போய் ஒட்டிக் கொண்டு வாருங்கள். கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிற குழந்தையா? முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த உலோகத்திலும் நிக்கல் உண்டு.

செலவைக் கேட்கும்போது கருவிக்கு மட்டும் கேட்காதீர்கள். திருகி முடிந்த பிறகு எத்தனை முறை வர வேண்டும், உடைந்தால் யார் செலவு, பின்னால் எல்லாப் பல்லுக்கும் க்ளிப் தேவைப்படுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல பேருக்குத் தேவைப்படும். வசதி குறைந்தவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பரீட்சை லீவுக்கு முன்பே போய்ப் பதிந்து வைத்தால், திருகும் மூன்று வாரமும் லீவிலேயே முடிந்துவிடும்.