கணினியைக் காப்போம், கண்ணையும் காப்போம்

தோட்டப்புற இல்லங்கள் பலவற்றில் இன்று மேசைக் கணினி இடம்பெற்றுள்ளது. பிள்ளைகளின் கல்விக்கென அரும்பாடுபட்டு வாங்கிய அக்கருவியைப் பாதுகாப்பதோடு, அதன்முன் அமரும் பிள்ளையின் உடல்நலத்தைப் பேணுவதும் நம் கடமையாகும்.

முதலில் மின்சாரத்தைக் கவனிப்போம். மலேசியாவில் இடிமின்னல் மிகுதி. மின்னலால் எழும் மிகை மின்னழுத்தம் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வீட்டினுள் பாயக்கூடும். அப்போது சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. வானம் கறுக்கும்போதே கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் வேண்டும். இடி முழங்கத் தொடங்கியபின் அவற்றைத் தொடுதல் ஆகாது. கணினிப் பெட்டியின் காற்றுத் துளைகளைத் துணியால் மூடுவதும் தவறு. உள்ளே வெப்பம் மிகும்.

அடுத்து, அமரும் முறை. பெரியவர்களுக்கான மேசையில் சிறுவர் அமர்ந்தால் தோள் உயரும், கால் தொங்கும், கழுத்து வலிக்கும். இதனைச் சீர்செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. முழங்கை மேசை மட்டத்திற்கு வருமாறு இருக்கையில் தலையணை இடுவோம். பாதங்களுக்கு அடியில் பலகை வைப்போம். திரை, கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டலாகாது. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுதல் நன்று.

20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள மரத்தையோ குன்றையோ 20 வினாடி நோக்கினால் கண்கள் இளைப்பாறும். இடையிடையே எழுந்து நடப்பதும் இன்றியமையாதது.

பழுதுற்ற கணினிக்கு மாற்று உண்டு, கண்ணுக்கு இல்லை. ஆகவே, பிள்ளை வலியென்று கூறுமுன்னரே மேசையையும் இருக்கையையும் சரிபார்ப்போமாக.