கிணற்றுப் பம்பும் தோல் தொழிற்சாலைப் பம்பும்

பாலாற்றங்கரையில் வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் விவசாயமும் தோல் பதனிடும் தொழிலும் அடுத்தடுத்தே நடைபெற்று வருகின்றன. தண்ணீரும் அதை ஏற்றி இறக்கும் பம்பும் இரண்டுக்கும் தேவை. ஆனால் செய்யும் வேலைக்கு ஏற்பப் பம்பின் அமைப்பு மாறும். இதை அறியாமல், விலை மலிவு என்று பழைய தொழிற்சாலைப் பம்பை வாங்கிக் கிணற்றில் பொருத்துவது நட்டத்தில் முடியும்.

தொழிற்சாலைப் பம்புகள்

சுண்ணாம்புத் தொட்டியின் கழிவில் மயிரும் சதைத் துணுக்கும் கலந்திருக்கும். மூடிய இம்பெல்லரில் இவை சிக்கிக்கொள்ளும். ஆகவே இங்கு இடைவெளி அதிகமுள்ள திறந்த இம்பெல்லர் பம்பு வேண்டும். இது அடைத்துக்கொள்ளாது; ஆனால் தெளிந்த நீரை இறைப்பதில் திறன் குறைவு.

குரோமியக் கரைசல் அமிலத் தன்மை உடையது; வார்ப்பிரும்பை அரித்துவிடும். இதற்குத் துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக்கினால் ஆன பம்பு வைப்பர். இரசாயனத்தை அளந்து விட சவ்வுப் பம்பும், கெட்டியான சேற்றைத் தள்ள ரப்பர் உறைக்குள் சுழலும் திருகுப் பம்பும் உள்ளன. திருகுப் பம்பு நீரின்றி ஓடினால் ரப்பர் உறை விரைவில் கெடும்.

கழிவு நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுகளில் நீரைச் செலுத்த உயர் அழுத்தப் பம்பு தேவை. ஒரே தண்டில் பல இம்பெல்லர்களை அடுக்கி அழுத்தத்தைக் கூட்டுவர். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கிப் பம்பிலும் இதே முறைதான்.

கிணற்றுக்கு ஏற்ற பம்பு

திறந்த கிணற்றுக்கு மூடிய இம்பெல்லர் கொண்ட மோனோபிளாக் பம்பு ஏற்றது. காற்றழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரம்தான் தூக்கும். நடைமுறையில் நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டருக்கு (20 அடி) மேல் பம்பை வைக்கக்கூடாது. நீர்மட்டம் இறங்கினால் பம்பையும் இறக்க வேண்டும். அல்லது நீர்மூழ்கிப் பம்புக்கு மாற வேண்டும்.

உப்பு நீர் செய்யும் கேடு

இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 எக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டதாக வேலூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு கூறியதை, உச்சநீதிமன்றம் தனது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டது. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, ஊறவைக்கும்போது நீரில் கலந்து வெளியேறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால், அக்கம்பக்கத்து உவர் நீரும் அதை நோக்கி வந்து சேரும். அந்த நீர் பயிரைக் கெடுப்பதோடு வார்ப்பிரும்பு இம்பெல்லரையும் அரிக்கும். எனவே பம்பு வாங்குமுன் நீரைச் சோதிப்பது நல்லது. அரை மணி நேரம் இறைத்தபின், தூய பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் அலசி, ஒரு லிட்டர் பிடித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். மின்கடத்தும் திறன் 0.7 டெசி சைமனுக்குக் கீழ் இருந்தால் உப்பினால் கவலையில்லை. 3க்கு மேல் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. நீர் உவராயின் வெண்கல இம்பெல்லர் உள்ள பம்பைக் கேட்டு வாங்கவேண்டும்.

பம்பின் திறனை அறிய

1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆகவே பம்பு தேய்ந்தாலும் மின் கட்டணத்தில் தெரிய வழியில்லை. 200 லிட்டர் பீப்பாயும் கைக்கடிகாரமும் போதும். மொத்தம் 20 மீட்டர் உயரத்துக்கு இறைக்கும் 5 குதிரைச் சக்திப் பம்பு, விநாடிக்குச் சுமார் 10 லிட்டர் தரவேண்டும். அதாவது பீப்பாய் 20 விநாடியில் நிரம்பவேண்டும். 30 விநாடி ஆனால் மூன்றில் ஒரு பங்கு நீர் குறைகிறது என்று பொருள். அப்போது கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்கவும்:

1. கிணற்று நீர்மட்டம் இறங்கியுள்ளதா?
2. மின் அழுத்தம் குறைவாக உள்ளதா?
3. புட்வால்வு சல்லடை அடைத்துள்ளதா?
4. உறிஞ்சு குழாய் இணைப்பிலோ கிளாண்டிலோ காற்று புகுகிறதா?
5. இம்பெல்லர் தேய்ந்துள்ளதா?

புதுப் பம்பு பொருத்திய நாளிலேயே இந்த அளவை எடுத்து, நீர்மட்டத்துடன் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைத்து, ஆண்டுக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் நீரும் பணமும் வீணாவதைத் தவிர்க்கலாம்.