ஆறு தோண்டாத பள்ளம்!

நைரோபியிலிருந்து நைவாஷா போகிற சாலை. ஆட்டுத்தோலும் கம்பளித் தொப்பியும் விற்கிற கடைகள் பக்கமாக டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். “இறங்கிப் பாருங்க சார். தடுப்பைத் தாண்டி மட்டும் போயிடாதீங்க!” என்று அவர் ஆங்கிலத்தில் எச்சரித்தார்.

எட்டிப் பார்த்தேன். அடிவயிற்றில் ஜில்லென்றது! காலடியில் பூமி சரேலென்று இறங்கி, கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளியாகக் கிடந்தது. நடுவில் லாங்கனாட் எரிமலை, 2,776 மீட்டர் உயரத்தில், சாதுவாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“இத்தனை பெரிய பள்ளத்தைத் தோண்டின ஆறு எங்கே?” என்றேன், பள்ளிக்கூட பூகோளத்தை நம்பி.

டிரைவர் சிரித்தார். “யாரும் தோண்டல சார். தரை உட்கார்ந்துடுச்சு!”

விளக்கம் நைவாஷா டீக்கடையில் கிடைத்தது. (கென்யாவிலும் சாய்க்கு சாய், சப்பாத்திக்கு சப்பாத்திதான். பிழைத்தேன்!) கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அடியில் கொதிக்கும் பாறை மேலே எழும்புகிறது. அதன் மேலிருக்கும் தரை பூரி மாதிரி உப்புகிறது. கூடவே இரண்டு பக்கமும் இழுபட்டு விரிசல் விடுகிறது.

ஆபீஸில் பத்து ஃபைல்களை இரண்டு கையாலும் அமுக்கித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்களா? கை லேசாகத் தளர்ந்தால் என்ன ஆகும்? நடு ஃபைல்கள் சரிந்து இறங்கும். அதேதான் இங்கேயும். நடுத்தரை இறங்கியது, ஓரங்கள் சுவராக நின்றன. 1893-ல் இங்கே வந்த கிரிகரி என்ற ஆங்கிலேயப் புவியியல் அறிஞர்தான், இது ஆறு அரித்த பள்ளத்தாக்கு அல்ல, பிளவுப் பள்ளத்தாக்கு என்று உலகத்துக்குச் சொன்னார்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் ‘பள்ளத்தின்’ அடியில் இருக்கும் நைவாஷா ஏரியே ஏறக்குறைய நம்ம குன்னூர் உயரத்தில் இருக்கிறது! உப்பிய பிறகு இறங்கிய தரையல்லவா?

பிளவு இன்னும் விரிகிறதாம். வேகம்? வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். எங்கள் ஆபீஸில் இன்க்ரிமெண்ட் ஃபைல் இதைவிட நிதானம்.

பூமியின் இந்தச் சூட்டையும் சும்மா விடவில்லை கென்யாக்காரர்கள். பக்கத்திலிருக்கும் ஒல்காரியாவில் நிலத்தைத் துளைத்து, நீராவியை எடுத்து 1981-லிருந்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். இன்று நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் பூமிச் சூடுதான் தருகிறது.

டிரைவருக்கு வீடு, சோளக்காடு எல்லாம் பள்ளத்துக்குள்ளேதான், மாய் மஹியு பக்கம். 2018 மார்ச்சில் அங்கேதான் சாலையையே அறுத்துக்கொண்டு பெரிய வெடிப்பு தோன்றியது. ‘ஆப்பிரிக்கா இரண்டாகிறது’ என்று உலகமெல்லாம் செய்தி. ஆனால், பலத்த மழை எரிமலைச் சாம்பல் மண்ணை அரித்ததுதான் உடனடிக் காரணம் என்றார்கள் பல நிபுணர்கள்.

“கண்டமே பிரியற இடத்துல குடியிருக்கீங்களே, பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். 2024 ஏப்ரலில் அதே மாய் மஹியுவில் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் புகுந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதைச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

“கண்டம் பிரியறதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும் சார். மழை அடுத்த மாசமே வந்துடும்.”

பில்லை நான்தான் கொடுத்தேன். திரும்பும்போது மலைச் சுவரைப் பார்க்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.