மாவுச்சத்தைக் குறைப்பவர்கள் புரோட்டீன் பவுடர் வாங்கும்போது

எம்மவர் மத்தியில் 'சீனி வருத்தம்' இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. வைத்தியர் சொன்னதும் சோறு, புட்டு, இடியப்பம், பாண் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பப் புரோட்டீன் பவுடரை நாடுவோர் இப்போது பலர். உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகும் மகன் வாங்கி வைத்த பெரிய ரின்னிலிருந்து அப்பாவும் காலையில் கலக்கிக் குடிக்கின்றார். அந்த ரின் உடல் எடையைக் கூட்டுவதற்கென்று செய்யப்பட்ட 'மாஸ் கெயினர்' வகையாக இருந்தால், அப்பா சோற்றைக் குறைத்துப் பெற்ற பலன் அந்த ஒரு குவளையிலேயே போய்விடும். அவ்வகையில் ஒரு வேளைக்கு 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருப்பது சாதாரணம். சிலவற்றில் 100 கிராமையும் தாண்டும். ஒரு கப் சோற்றில் இருப்பதோ ஏறக்குறைய 45 கிராம்தான்.

முதலில், பவுடர் தேவைதானா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 48 கிராம். வயதானவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க இதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் கிடைக்கின்றது. மீனும் முட்டையும் இறைச்சியும் உண்பவர்கள் பவுடருக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை என்பதே எமது அபிப்பிராயம்.

சைவ உணவுக்காரரின் பாடுதான் கடினம். எங்களுக்குப் புரதம் என்றால் பருப்பு. அவித்த பருப்பு ஒரு கப்பில் 18 கிராம் புரதம் வருகின்றது, ஆனால் கூடவே 40 கிராம் மாவுச்சத்தும் வருகின்றது. அதில் 16 கிராம் அளவு நார்ச்சத்து என்பது ஓர் ஆறுதல். நாளுக்கு 130 கிராமுக்குள் மாவுச்சத்தை வைத்திருக்க முயல்பவருக்குப் பருப்பு இடம் கொடுக்கும். 50 கிராமுக்குள் நிற்க விரும்புபவருக்குக் கஷ்டம். பவுடர் உண்மையில் கைகொடுப்பது இவர்களுக்குத்தான். ஹோர்லிக்ஸ், நெஸ்ரமோல்ட், சத்துமா ஆகியவற்றைப் புரதம் என்று எண்ணிக் குடிப்பவர்களும் உண்டு. அவற்றின் பெரும்பகுதி மாவுச்சத்தே.

பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது பிரியும் தெளிந்த நீரிலிருந்து எடுப்பது 'வே' புரதம். இதில் 'கொன்சன்ரேற்', 'ஐசொலேற்' என இரு வகை உண்டு. முன்னையது பொதுவாக 80 வீதம் வரை புரதம் கொண்டது, மிச்சத்தில் பாற்சீனியும் கொழுப்பும் இருக்கும். பின்னையதில் 90 வீதம் புரதம், பாற்சீனி மிகச் சொற்பம். பால் குடித்தால் வயிறு ஊதுகின்றவர்களுக்கும் ஐசொலேற்றே உகந்தது. சீஸ் செய்யக் கன்றின் இரைப்பையில் எடுக்கும் நொதியைப் பாவிப்பதும் உண்டு, எனவே சைவர்கள் விசாரித்து வாங்குவது நல்லது. பாலே வேண்டாம் என்றால் சோயா, பட்டாணிப் புரதம் உண்டு. தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் சோயாவை மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, மருந்து உடலில் சேர்வதை அது குறைக்கும். 'கொலாஜன்' மாட்டின் தோல், எலும்பு, மீன் தோல் போன்றவற்றிலிருந்து வருவது. அத்தியாவசியமான அமினோ அமிலம் ஒன்று அதில் இல்லாததால் முழுமையான புரதமும் அல்ல.

இனி ரின்னைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கப் படத்தில் இருக்கும் தசைநார்களை மறந்துவிடலாம். ஒரு கரண்டி 30 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்றால் நல்லது. 40 கிராம் கரண்டியில் புரதம் 15 கிராம்தான் என்றால் மிச்சம் 25 கிராம் என்ன என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை 'மால்ரோடெக்ஸ்ரின்'. சோள மாவு போன்றவற்றில் இருந்து எடுக்கும் இப்பொருள் இரத்தத்தில் சீனியைக் குளுக்கோஸ் அளவுக்கே வேகமாக ஏற்றும். ஆனால் லேபிளில் 'சீனி' என்ற வரியில் இது பெரும்பாலும் வராது. 'சீனி 0' என்று எழுதியிருந்தாலும் மாவுச்சத்து வரியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இனிப்புக்கு ஸ்ரீவியா, சுக்ரலோஸ் இருந்தால் சீனி ஏறாது. மால்ரிற்றோல் ஓரளவு ஏற்றும், வயிற்றையும் கலக்கும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கும். அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். லண்டனிலும் ஐரோப்பாவிலும் நார்ச்சத்து தனியாகவே எழுதப்படுகின்றது. அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த ரின்னில் மறுபடி கழித்தால் கணக்குப் பிழைக்கும்.

அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 2025இல் 23 புரதப் பொருட்களைச் சோதித்தபோது பலவற்றில் ஈயம் இருந்தது, தாவரப் புரதங்களில் அதிகமாக. ஆகவே நாளுக்கு மூன்று நான்கு வேளை குடிப்பது வேண்டாம். என்.எஸ்.எஃப். போன்ற வெளிச் சோதனை முத்திரை உள்ளதைத் தேடுங்கள்.

மருந்து எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இன்சுலின், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, சீனி அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலத்தன்மை அடையும் அபாயம் உண்டு. மருந்தின் அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை, நீங்களாக நிறுத்தவும் கூடாது. நீரிழிவு நீண்ட காலமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதடைந்திருக்கலாம். அப்படியானவர்களுக்குக் கூடிய புரதம் சுமை. சிறுநீரில் அல்புமின் போகின்றதா, சிறுநீரகம் எவ்வளவு வடிக்கின்றது என்ற இரண்டு பரிசோதனை முடிவுகளையும் கேட்டறிந்த பின்னரே ரின்னை வாங்குங்கள்.

கலக்குவது தண்ணீரில் அல்லது இனிப்பில்லாத பாதாம் பாலில். ஒரு கப் பசுப்பாலில் 12 கிராம் பாற்சீனி, ஒரு வாழைப்பழத்தில் 27 கிராம் அளவு மாவுச்சத்து உண்டு. கொதிநீரில் போட்டால் வே கட்டிபடும். சுவையூட்டாத வகை கிடைத்தால் மோரில் உப்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலையுடன் அடித்துக் குடிக்கலாம். வனிலா வாசனை பிடிக்காத அம்மம்மாக்களுக்கும் அது இறங்கும்.