கிளையோபிளாஸ்டோமா: சிகிச்சையும் வாழ்நாள் வாய்ப்பும்

பெரியவர்களின் மூளையில் தோன்றும் புற்றுநோய்க் கட்டிகளில் அதிகம் காணப்படுவதும் மிக வேகமாக வளர்வதும் கிளையோபிளாஸ்டோமா. நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளையல் செல்களை ஒத்த செல்களால் ஆனது. உலக சுகாதார நிறுவனம் இதற்கு 4ஆம் தரம் அளித்துள்ளது. அந்த எண் கட்டியின் வீரியத்தையே குறிக்கிறது. இந்தக் கட்டி மூளையை விட்டு மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது.

அறிகுறிகள்

காலையில் கூடும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுத் தடுமாற்றம், மறதி, குணமாற்றம் ஆகியவை சில வாரங்களிலேயே மோசமடையலாம். நடுத்தர வயதுக்குப் பின் முதன்முறையாக வலிப்பு வந்தால் மூளை ஸ்கேன் அவசியம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டியைக் காட்டும். திசுப் பரிசோதனையே அதன் வகையை உறுதி செய்யும்.

அறுவை சிகிச்சை

பேச்சு, அசைவு போன்ற திறன்கள் கெடாதபடி இயன்ற அளவு கட்டியை அகற்றுவதே முதல் படி. மண்டையோட்டுக்குள் அழுத்தம் குறைவதால் தொல்லைகளும் தணியும். ஆனால் புற்றுச் செல்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவியிருப்பதால், கட்டியை முழுவதும் எடுத்ததாகத் தெரிந்தாலும் நோய் எஞ்சியிருக்கும். அதனால்தான் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படுகிறது.

கதிர்வீச்சும் மருந்தும்

வழக்கமாக ஆறு வாரங்களில் 30 தவணைகளாக 60 கிரே கதிர்வீச்சு தரப்படுகிறது. அந்நாட்களில் டெமோசோலோமைடு மாத்திரையும் தினமும் உண்டு. பிறகு 28 நாட்களுக்கு ஒருமுறை ஐந்து நாட்கள் வீதம், பொதுவாக ஆறு சுற்றுகள் அதே மருந்து தொடரும். ரத்த அணுக்கள் குறையக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். முதியவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் மூன்று வாரக் கதிர்வீச்சே பொருத்தமாகலாம்.

வாழ்நாள் வாய்ப்பு

கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடையும் சேர்த்துத் தரும் இந்த முறைக்கு 2005இல் வெளியான ஐரோப்பிய–கனடிய ஆய்வு அடித்தளமிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்கள், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்கள். இரண்டு ஆண்டுகள் தாண்டியோர் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தனர். ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தோர் 1.9 சதவீதம் என்பது 9.8 சதவீதமானது.

இடைநிலை என்றால் பாதிப்பேர் அந்தக் காலத்தைக் கடந்து வாழ்ந்தனர் என்று பொருள். அது எந்தத் தனி நோயாளிக்கும் குறித்த கெடு அல்ல. இளம் வயது, நல்ல உடல்நிலை, கட்டியின் பெரும்பகுதி அகற்றப்பட்டிருத்தல் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். எம்.ஜி.எம்.டி. மரபணுவின் செயல்பாடு மெத்திலேற்றத்தால் அடங்கியிருந்தால் டெமோசோலோமைடு நன்கு வேலை செய்யும். எனவே திசுப் பரிசோதனையில் இதையும் பார்ப்பது நல்லது.

கட்டி திரும்பும்போது

பெரும்பாலும் கட்டி பழைய இடத்தின் அருகிலேயே மீண்டும் வளரும். கதிர்வீச்சு முடிந்த சில மாதங்களில் ஸ்கேனில் தெரியும் மாற்றம் சிகிச்சையின் விளைவாகவும் இருக்கலாம். அவசர முடிவு கூடாது. மறு அறுவை, லோமஸ்டின் மருந்து, மறு கதிர்வீச்சு ஆகியவை சிலருக்கு உதவும். பெவாசிசுமாப் என்ற மருந்து வீக்கத்தைக் குறைத்தாலும், வாழ்நாளை நீட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

ஆதரவு சிகிச்சை

மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், வலிப்பு வந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து, பேச்சுக்கும் நடைக்கும் பயிற்சி, வலி நிவாரணம், மனநல ஆலோசனை ஆகியவை தொடக்கத்திலிருந்தே வேண்டும். நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பங்களைக் குடும்பத்தார் கேட்டறிந்தால், பின்வரும் கடினமான முடிவுகளை அவர் விருப்பப்படியே எடுக்க முடியும்.