நிறம் ஏறும் பருவம்

ஹட்டனிலிருந்து நோர்வூட் நோக்கிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் தோன்றும். அங்கு வலையில் அகப்படும் திலாப்பியாவை நேயர்கள் பலர் அறிவர். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீன் அது. சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடித் தொட்டிகளில் மஞ்சளும் நீலமுமாய் ஒளிரும் மலாவி ஏரி மீன்களும் அக்குடும்பத்தவையே. இவற்றின் குஞ்சுகளுக்கு நிறம் ஏறத் தொடங்கும்போது ஒன்றாக வைப்பதா, பிரித்து வைப்பதா என்பது மீன் வளர்ப்போரிடையே ஓயாத வினா. பிழையாக முடிவு செய்தால் காலையில் செட்டை கிழிந்த மீன் செத்து மிதக்கும்.

முதலில் அந்த நிறத்தின் பொருளை அறிதல் வேண்டும். திலாப்பியாக் குஞ்சுகள் யாவும் சாம்பல் நிறத்தவை. வளர்ந்தபின், இடம்பிடித்து ஆளும் ஆண் கருமை கொள்ளும், தொண்டை வெளுக்கும், செட்டைகளின் ஓரம் சிவக்கும். அடங்கிப்போன ஆணோ, வயது வந்திருந்தும், பெண்ணைப் போல மங்கலாகவே திரியும். நிறம் ஏறிய ஆண், "இவ்விடம் எனது" என்று பறைசாற்றுகிறது என்க.

தங்கனீக்கா ஏரிச் சிக்லிட் ஒன்றை அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் ஃபெர்னால்டும் அவர்தம் குழுவினரும் நெடுங்காலம் ஆராய்ந்தனர். பெரிய ஆண்களோடு வளர்ந்த இளம் ஆண்கள் பருவமடையத் தாமதித்தன. பெரியவை இல்லாத இடத்தில் வளர்ந்தவை முந்திக்கொண்டன. ஆளும் ஆணை அகற்றியபோது, அடங்கியிருந்த ஒன்று சில நிமிடங்களிலேயே நிறம் பெற்றது!

ஆகவே குஞ்சுகளைப் பெரிய மீன்களிடமிருந்து பிரித்துவிடுவது நன்று. உடன்பிறந்தவை ஒன்றாகவே வளரலாம். முதல் ஆணுக்கு நிறம் ஏறும் நாளில்தான் தொல்லை தொடங்கும். தொட்டியில் இரண்டு மூன்றே இருப்பின் அடி முழுவதும் ஒன்றின்மேல் விழும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் அது பலர்மீதும் பகிர்ந்து போகும். கூட்டம் பெருகினால் நீர் விரைவில் கெடும் என்பதும் உண்மை; அடிக்கடி ஒரு பகுதி நீரை மாற்றும் பொறுமை இல்லாதவர் இவ்வழியை நாட வேண்டாம்.

ஒவ்வொன்றையும் தனிப் போத்தலில் இடலாமே என்பீர்கள். கொழும்பில் அது ஒருவாறு நடக்கும். ஹட்டன் குளிரில் அன்று. இம்மீன்களுக்கு ஏறக்குறைய 25 பாகை வெப்பம் வேண்டும். சிறிதளவு நீரோ இரவில் வெகு விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த மீன் நிறம் மங்கும், இரை தின்னாது, நோய்ப்படும். வெப்பமூட்டி உள்ள பெரிய தொட்டியையே துளையிட்ட தடுப்பால் இரண்டாக வகுத்தல் மலைநாட்டுக்கு ஏற்ற வழி.

அடிபட்டதைப் பிரிப்பதைவிட அடிப்பதைப் பிரிப்பதே மேல் என்பது என் எண்ணம். முரட்டு ஆணைத் தடுப்புக்கு அப்பால் சில நாள் வைத்து, கற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டுத் திரும்ப விடுங்கள். பழைய எல்லை இராது. அதுவே அங்குப் புதியதாகிவிடும். நிறங்கள் தெளிந்தபின் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்று நிறுத்திக்கொள்ளலாம். மிஞ்சிய ஆண்களை மற்ற வளர்ப்போருக்கோ கடைக்காரருக்கோ கொடுத்துவிடுங்கள். தோட்டத்து ஓடையில் மட்டும் விடவேண்டாம். அங்கு வாழும் சிறு மீன்களுக்கு ஒதுங்க வேறு தொட்டி கிடையாது.