லேபிளில் இல்லாத எச்சரிக்கை

அமெரிக்காவில் எந்தப் பூச்சிமருந்து டப்பாவை எடுத்தாலும் லேபிளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: இதில் சொன்னதற்கு மாறாக மருந்தைப் பயன்படுத்துவது கூட்டரசுச் சட்டத்துக்கு விரோதம். ஏக்கருக்கு எவ்வளவு கலப்பது, எந்தக் கையுறை போடுவது, அடித்த வயலில் எத்தனை மணி நேரம் கழித்து இறங்கலாம் என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக விதிகள். மருந்து அடிப்பவரை இத்தனை இறுக்கமாகக் கட்டும் லேபிள், ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் தயாரித்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இதற்கு அந்த நாட்டின் விடை பலமுறை மாறியிருக்கிறது.

1910-ல் முதல் சட்டம் வந்தபோது கேள்வியே வேறு. ‘பாரிஸ் பச்சை’, ஈய ஆர்சனேட் என்று விஷங்கள் விற்ற காலம். கலப்படம் பண்ணி விவசாயியை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் அரசின் கவலை. லேபிளில் எழுதிய சரக்கு உள்ளே இருந்தால் போதும். 1947 சட்டம் விற்பனைக்கு முன் வேளாண் துறையில் பதிவு செய்யச் சொன்னது. ஆனால் துறை ஏற்காவிட்டாலும், ஆட்சேபம் தெரிவித்தபடியே பதிவை வாங்கிக்கொண்டு விற்க நிறுவனத்துக்கு வழி இருந்தது. ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962-ல் வெளியாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

இன்றைய வழக்குகளுக்கெல்லாம் வேர் 1972-ல் செய்த திருத்தம். அதற்குள் பொறுப்பு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் வந்திருந்தது. லேபிளை மீறி அடிப்பது குற்றம் என்று அந்தத் திருத்தம் விதித்தது. கூட்டரசு விதித்ததற்கு அதிகமாகவோ வேறாகவோ எதையும் லேபிளில் மாநிலங்கள் கேட்கக் கூடாது என்றும் ஒரு பிரிவைச் சேர்த்தது. மருந்தால் பாதிக்கப்பட்டவர் மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்பதையும் இந்தப் பிரிவு தடுக்குமா? சச்சரவு முழுக்க இதில்தான்.

மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் அரசுப் பண்ணையில் பாராகுவாட் அடித்த தொழிலாளி ஒருவர் நுரையீரல் கெட்டு இறந்தார். 1984-ல் அவர் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், முகமை ஒப்புக்கொண்ட லேபிள் என்பதால் மட்டும் நிறுவனம் தப்ப முடியாது என்றது. 1992-ல் சிகரெட் எச்சரிக்கை வழக்கொன்றில், இத்தகைய பிரிவு நஷ்டஈட்டு வழக்கையும் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கீழ் நீதிமன்றங்கள் பூச்சிமருந்து வழக்குகளை வரிசையாகத் தள்ளுபடி செய்தன. ஏறக்குறைய 13 வருஷம் விவசாயிக்குப் போக இடமில்லை.

அதை மாற்றியது டெக்சாஸ் நிலக்கடலை. 2000-ல் டவ் நிறுவனம் ‘ஸ்ட்ராங்ஆர்ம்’ என்ற களைக்கொல்லியை இறக்கியது. கடலை விளையும் எல்லா இடத்துக்கும் ஏற்றது என்றது லேபிள். மேற்கு டெக்சாஸ் மண்ணோ காரம் மிகுந்தது. மருந்து அடித்த காட்டில் களை சாகவில்லை, கடலைச் செடிதான் குன்றிப்போனது என்பது 29 விவசாயிகளின் புகார். அடுத்த பருவத்துக்குள் அந்த வட்டாரத்துக்கென்று நிறுவனமே லேபிளை மாற்றியது: கார அமில நிலை 7.2-ம் அதற்கு மேலும் உள்ள மண்ணில் அடிக்காதீர்கள். முதலிலேயே இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த விவசாயிகள் மருந்தை வாங்கியே இருக்கமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. களைக்கொல்லி பயிருக்கு வேலை செய்யுமா என்பதை 1979-லிருந்தே முகமை பொதுவாகச் சோதிப்பதில்லை. அரசு ஒப்புதல் என்று நம்பி வாங்கும் விவசாயிக்கு அது தெரிய வழியில்லை.

2005-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு விவசாயிகளுக்குக் கதவைத் திறந்தது. போதிய எச்சரிக்கை இல்லாத லேபிளைக் கூட்டரசுச் சட்டமே தவறு என்கிறது. மாநிலச் சட்டமும் அதே கடமையைச் சொன்னால் வழக்குக்குத் தடையில்லை. பதிவு ஆகிவிட்டது என்பது மட்டுமே தற்காப்பு ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருப்பதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. லேபிளுக்கு வாசகம் எழுதித் தருவது நிறுவனம்தான். முகமை அதைச் சரிபார்க்கிறது.

அந்தக் கதவு வழியாகத்தான் ‘ரவுண்டப்’ வழக்குகள் வந்தன. 1974 முதல் விற்கும் இந்தக் களைக்கொல்லியிலுள்ள கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் பள்ளி மைதானப் பணியாளர் ஒருவருக்கு நடுவர் குழு விதித்த நஷ்டஈடு 28.9 கோடி டாலர். மேல்முறையீட்டில் அது சுமார் 2 கோடியாகக் குறைந்தது. ரவுண்டப்பைத் தயாரித்த மான்சான்டோவை 2018-ல் வாங்கியிருந்த பேயர், 2020-ல் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிச் சமரசம் பேசியது. புற்றுநோய் வரும் என்று அச்சிட்டால் அதுவே பொய் லேபிள் என்று சுற்றுச்சூழல் முகமை சொல்லும்போது நாங்கள் எப்படி அச்சிடுவது என்பது பேயரின் வாதம். எடுத்தெறியக்கூடிய வாதமல்ல. ஆனால் புற்றுநோய் அபாயமில்லை என்ற சுற்றுச்சூழல் முகமையின் முடிவுக்குப் போதிய ஆதாரமில்லை என்று 2022-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தான முடிவைக் கேடயமாகப் பிடித்தால் எப்படி?

இப்போது காற்று மறுபடி திசை மாறுகிறது. பேயரின் ஒரு மேல்முறையீட்டை எடுக்க வேண்டாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றத்திடம் சொன்ன கூட்டரசு, 2025 டிசம்பரில் இன்னொன்றை எடுக்கச் சொன்னது. குடியிருப்புப் பகுதியில் பல வருஷம் ரவுண்டப் அடித்த மிசௌரிக்காரர் ஒருவருக்கு 2023-ல் நடுவர் குழு 12.5 லட்சம் டாலர் கொடுத்த வழக்கு அது. 2026 ஜனவரியில் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது. இதற்கிடையே வடக்கு டகோட்டாவும் ஜார்ஜியாவும் 2025-ல் சட்டம் போட்டு, முகமை ஒப்புக்கொண்ட லேபிளே போதுமான எச்சரிக்கை என்று அறிவித்துவிட்டன. லேபிளை மீறும் விவசாயி மீது அங்கே இன்னமும் நடவடிக்கை எடுக்கலாம். அதை எழுதிய நிறுவனத்திடம் எச்சரிக்கை போதவில்லை என்று நஷ்டஈடு கேட்கத்தான் தடை.